மின்னணுக் கையெழுத்து: சோதனைக்கு ஆளாவது யார்?

சர்க்கார் காரியங்களில் பேனாவின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை, லாரி ஓட்டுநரின் உரிமம் எல்லாம் இன்று கணினி வழியே வருகின்றன. அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் இருந்த இடத்தில் இப்போது மின்னணுக் கையெழுத்து உட்கார்ந்திருக்கிறது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அந்த வருஷம் அக்டோபர் 17 முதல், இந்தக் கையெழுத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் புதுச்சத்திரம் ஒன்றியத்துக் கிராமங்களில் எங்கே போனாலும் ஒரே குறை காதில் விழுகிறது: ஓர் அலுவலகம் போட்ட கையெழுத்தை இன்னோர் அலுவலகத்தின் கணினி ஏற்பதில்லை. பயிர்க் கடன் கேட்டுப் போன விவசாயியிடம், "கையெழுத்து உறுதியாகவில்லை என்று காட்டுகிறது, அசலைக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். கணினியில் பிறந்த பத்திரத்துக்குத் தனியாக அசல் ஏது? அதை எடுத்துச் சொல்ல அந்த விவசாயியால் முடிவதில்லை. மறுபடியும் பஸ் ஏறுகிறார், மறுபடியும் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்கிறார். ஒரு நாள் பிழைப்பு போகிறது.

இது யார் குற்றம்? விவசாயியின் குற்றமல்ல. கையெழுத்துப் போட்ட தாசில்தாரின் குற்றமல்ல. பெரும்பாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் குற்றம்கூட அல்ல. ஒரு மென்பொருள் போட்ட கையெழுத்தை மற்றொரு மென்பொருள் சரியாகப் படித்து ஏற்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அந்தக் கடமையைச் செய்யவில்லை. அவர்கள் செய்யாத சோதனையை நமது மக்கள் தங்கள் காலால் நடந்து, தங்கள் கூலியை இழந்து செய்து கொண்டிருக்கிறார்கள். இதுதான் விஷயம்.

இந்தக் கையெழுத்து என்பது என்ன?

இதைப் பொறியாளர்கள் மட்டுமே புரிந்துகொள்ள முடியும் என்று மக்களை மிரட்டுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை.

அதிகாரியிடம் விரலளவுள்ள ஒரு யு.எஸ்.பி. டோக்கன் இருக்கிறது. அதற்குள் ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவிக்கு ஜோடியாக இன்னொரு சாவி உண்டு. அது எல்லோருக்கும் பொதுவானது. பத்திரம் முழுவதையும் மென்பொருள் அரைத்து, ஒரு சிறிய எண்ணாகச் சுருக்குகிறது. அந்த எண்ணை ரகசியச் சாவியால் பூட்டிப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கிறது. படிப்பவரின் கணினி அதே பத்திரத்தை மறுபடியும் அரைத்துப் பார்க்கிறது. பூட்டிய எண்ணைப் பொதுச் சாவியால் திறந்து பார்க்கிறது. இரண்டும் ஒன்றானால், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்று அர்த்தம். ஏக்கர் கணக்கில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அகப்பட்டுக்கொள்ளும். போலி முத்திரை செய்தும், பத்திரத்தைச் சுரண்டி எழுதியும் ஏழைகளின் நிலத்தைப் பறித்த கூட்டத்துக்கு எதிராக இது நல்ல ஆயுதம். ஆகவே இந்த விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம்.

ஆனால் அந்தப் பொதுச் சாவி இன்ன அதிகாரியுடையதுதான் என்று யார் சாட்சி சொல்வது? அதற்காகச் சான்றளிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு லைசென்சு கொடுப்பவர் மத்திய சர்க்காரின் கட்டுப்பாட்டாளர். அவருடைய மூலச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் தாய் வேர். அதிகாரி, சான்றளிக்கும் அமைப்பு, கட்டுப்பாட்டாளர் என்று இது ஒரு சங்கிலி. படிக்கிற கணினிக்கு இதில் ஒரு கண்ணி தெரியாவிட்டாலும், உண்மையான கையெழுத்தின் மேலும் கேள்விக்குறி விழுந்துவிடும்.

எங்கே அறுகிறது?

முதலாவது, நம்பிக்கைப் பட்டியலில். பி.டி.எஃப். பத்திரங்களைத் திறக்க நம் நாட்டில் பெருவாரியாகப் பயன்படுவது அடோபி என்ற அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள். எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று அந்தக் கம்பெனி தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத வேரிலிருந்து வந்த கையெழுத்துக்கு மஞ்சள் கேள்விக்குறியும், 'செல்லுபடி தெரியவில்லை' என்ற வாசகமும் கிடைக்கும். ஆதார் அட்டையை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கையெழுத்தின் மேல் எலியை வைத்து எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எந்தச் சான்றிதழை நம்பகமானதாகச் சேர்க்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே படிப்படியாக விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. இந்திய சர்க்காரின் கையெழுத்தை இந்தியப் பிரஜை நம்புவதற்கு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மென்பொருளுக்கு அவரே சிபாரிசு செய்ய வேண்டும்! எட்டாம் வகுப்போடு நின்ற கோழிப்பண்ணைத் தொழிலாளி இதை எப்படிச் செய்வார்?

இரண்டாவது, கருவியில். சர்க்கார் இணையதளங்கள் பலவும் ஜாவா ஆப்லெட் என்ற ஏற்பாட்டை நம்பிக் கையெழுத்து முறையை அமைத்தன. அந்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்த வழியைக் குரோம் உலாவி 2015-ல் அடைத்தது; ஃபயர்ஃபாக்ஸ் 2017-ல் அடைத்தது. 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கவும்' என்று அறிவிப்பு மாட்டிச் சில வருஷம் ஓட்டினார்கள். அதையும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. டோக்கன் ஒரு கம்பெனி, அதை இயக்கும் மென்பொருள் இன்னொரு கம்பெனி, உலாவி வேறொரு கம்பெனி. ஒன்று மாறினால் மற்றவை நொண்டுகின்றன. மாற்றம் வருமுன் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

மூன்றாவது, ஆயுளில். சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. பள்ளியில் வாங்கியதை வேலைக்குப் போகும்போதும் காட்டுகிறோம். ஆனால் அதில் கையெழுத்திட்ட அதிகாரியின் டிஜிட்டல் சான்றிதழுக்கு ஆயுள் அதிகமாகப் போனால் 3 வருஷம். அது முடிந்த பிறகு கையெழுத்தைச் சோதித்தால் என்ன பதில் வரும்? கையெழுத்திட்ட நேரத்துக்கு நம்பகமான நேர முத்திரை வைத்து, அன்றைக்குச் சான்றிதழ் உயிரோடு இருந்தது என்பதற்கான ஆதாரத்தையும் பத்திரத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தால் இருபது வருஷம் கழித்தும் சரிபார்க்க வழியுண்டு. வைக்காவிட்டால் நல்ல பத்திரம் கிழடு தட்டிப் போகும். பழைய பச்சை மை அதிகாரி மாற்றலானாலும் செல்லும். ஓய்வு பெற்றாலும் செல்லும். புதிய கையெழுத்து அதைவிடக் குறைந்த ஆயுளோடு பிறக்கலாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரத்தை அச்சிட்டுக் காகிதமாக எடுத்தவுடன் மின்னணுக் கையெழுத்து அங்கே இல்லை. அதன் படம் மட்டுமே இருக்கிறது. பட்டா நகலின் அடியில் உள்ள குறிப்பு எண்ணைத் தமிழக சர்க்காரின் இ-சேவை தளத்தில் இட்டுப் பார்த்துத்தான் உண்மையை அறிய வேண்டும். அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க வேண்டியவர் பத்திரத்தை வாங்குகிற அதிகாரி. அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் 'அசல் எங்கே?' என்று கேட்பது எளிது. பாரம் ஏழையின் தலையில் ஏறிவிடுகிறது.

வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி

அந்தக் காலப் பண்ணையார்கள் சிலர் வீட்டில் இரண்டு அளவுகள் இருக்கும். வாரம் அளந்து வாங்கப் பெரியது. கூலி அளந்து கொடுக்கச் சிறியது. மின்னணுக் கையெழுத்து விஷயத்திலும் ஆளும் வர்க்கம் இரண்டு படிகளை வைத்திருக்கிறது. இது வெறும் அலங்காரப் பேச்சல்ல, சட்டத்திலேயே இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 9-வது பிரிவைப் பாருங்கள். மின்னணு வடிவத்திலுள்ள ஒரு பத்திரத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று மத்திய சர்க்காரின் இலாகாவையோ, மாநில சர்க்காரின் இலாகாவையோ, சட்டத்தால் அமைந்த எந்த அமைப்பையோ வற்புறுத்தும் உரிமை யாருக்கும் கிடையாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கையெழுத்து செல்லும், ஆனால் 'ஏற்றுக்கொள்' என்று கேட்கும் உரிமை உனக்கில்லை! 2000-ம் வருஷத்தில் அலுவலகங்களில் கணினி இல்லாத காரணத்தால் அப்படி எழுதினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இன்று கணினியைத் தவிர வேறு வழியே வைக்காத சர்க்கார், அந்தப் பிரிவை மட்டும் ஏன் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது?

இனி மற்றப் படியைப் பாருங்கள். அதே சட்டத்தின் முதல் அட்டவணை, புரோநோட்டு முதலிய சில பத்திரங்களுக்கு மின்னணுக் கையெழுத்து செல்லாது என்று விலக்கி வைத்திருந்தது. 2022-ல் மத்திய சர்க்கார் அட்டவணையைத் திருத்தியது. ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு இனி மின்னணு வடிவில் செல்லும் என்றாகிவிட்டது. அந்த நிறுவனங்களில் வங்கிகளும் உண்டு, நிதிக் கம்பெனிகளும் உண்டு. கடன்காரன் எழுதிக் கொடுப்பதை வாங்கச் சட்டம் வளைந்து கொடுத்தது. அந்தக் கடன்காரன் கொண்டு போகும் பட்டாவை ஏற்கச் செய்யச் சட்டம் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் புரோநோட்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, பிறகு தொகையை எழுதிக்கொண்ட கந்துவட்டிக்காரர்களை நமது மக்கள் அறிவார்கள். 2015 முதல் வந்துள்ள இ-சைன் முறையில் ஆதார் எண்ணும், கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணும் இருந்தால் கையெழுத்துப் போட்டதாகிவிடும். விரல் ரேகையாலும் போடலாம். "அந்த நம்பரைச் சொல்லும்மா" என்று கேட்டு வாங்கினால் வேலை முடிந்தது. எதில் கையெழுத்திட்டோம் என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்து விழுகிறது. படிக்க முடியாத மொழியிலுள்ள பத்திரத்தில், சிறு கண்ணாடித் திரையில் வைக்கப்படும் இந்தக் கைநாட்டுக்கும் பழைய வெற்றுத் தாளுக்கும் என்ன வித்தியாசம்? கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று கணினியைக் கேட்பவர்கள், கையெழுத்திட்டவருக்கு விஷயம் புரிந்ததா என்றும் கேட்க வேண்டும்.

கூலியும் கையெழுத்தும்

2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. 15 நாளில் கூலி கொடுக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத் தொகை என்பது அதன் விதி. கூலிப் பட்டியல் தயாரானதும், பணம் அனுப்பும் உத்தரவில் இரண்டு அதிகாரிகள் டிஜிட்டல் கையெழுத்திட வேண்டும். அது விழும் வரை பணம் நகராது. டோக்கன் காலாவதியானாலும், புதிய அதிகாரிக்குச் சாவி வராவிட்டாலும், கணினி டோக்கனை அடையாளம் காணாவிட்டாலும், நிற்பது களைக்கொத்தோடு வெயிலில் நின்ற பெண்ணின் கூலி.

இரண்டாவது கையெழுத்து விழுந்ததோடு தாமதக் கணக்கை முடித்துவிட்டது மத்திய சர்க்கார். அதற்குப் பிறகு பணம் வந்து சேர ஆன நாட்களுக்கு யாரும் பொறுப்பில்லை! ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே 18 அன்று சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்தது. அந்த இரண்டாவது கட்டத் தாமதத்துக்கும் தொழிலாளிக்கு ஈட்டுத் தொகை சேர வேண்டும் என்றது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே அகற்றி வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறலாம். கையெழுத்து சிக்கினால் கூலி சிக்கும் என்ற நிலைமை மட்டும் தொடரக் கூடாது.

நமது லாரித் தொழிலாளர்களின் நிலையும் இதுவே. நாமக்கல் லாரி போகாத மாநிலம் இல்லை. டிஜிலாக்கரில் உள்ள உரிமத்தையும் வண்டிப் பத்திரத்தையும் அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. எழுத வேண்டி வந்ததே எதைக் காட்டுகிறது? ஒரு மாநிலம் தரும் பத்திரம் இன்னொரு மாநிலத்துச் சாவடியில் தானாகச் செல்லவில்லை என்பதைத்தான். ஆயிரம் மைலுக்கு அப்பால், பாஷை தெரியாத ஊரில், நடுராத்திரியில் அதை வாதாடி நிலைநாட்டும் வேலை ஓட்டுநருக்கு.

செய்ய முடியாத காரியமா?

'இது மிகச் சிக்கலானது, படிப்படியாகச் சரியாகும்' என்று சமாதானம் சொல்வார்கள். சிக்கலானதுதான். ஆனால் செய்ய முடியாததல்ல.

ஐரோப்பாவில் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் பல வருஷங்களாக இதற்கென்றே சோதனைக் கூட்டங்கள் நடத்தி வருகிறது. பல கம்பெனிகளும் சர்க்கார் அமைப்புகளும் தங்கள் மென்பொருளோடு கலந்துகொள்கின்றன. ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட பத்திரங்களைப் பொது இடத்தில் வைக்க வேண்டும். மற்ற ஒவ்வொருவரும் அவற்றை எடுத்துச் சோதித்து, ஏற்றதா இல்லையா என்று எழுத வேண்டும். நல்ல கையெழுத்தை ஏற்பது மட்டும் போதாது. காலாவதியான சான்றிதழ், ரத்தான சான்றிதழ் ஆகியவற்றோடு வரும் கெட்ட கையெழுத்தை மறுக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2016 ஜூலை 1 முதல் ஐரோப்பிய யூனியனில் ஒரு நாட்டின் தகுதி பெற்ற மின்னணுக் கையெழுத்தை மற்ற நாடுகள் ஏற்றாக வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு நாடும் தன் நம்பிக்கைப் பட்டியலை வெளியிட வேண்டும். முதலாளித்துவ நாடுகள்தாம், சரக்கும் மூலதனமும் எல்லை தாண்டத் தடையிருக்கக் கூடாது என்ற தேவை அவர்களை உந்தியது. பல பாஷை, பல சர்க்கார்களுக்கு நடுவில் அது முடியுமானால், ஒரே நாட்டில், ஒரே கட்டுப்பாட்டாளரின் கீழ் ஏன் முடியாது?

நமது நாட்டிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். பல அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ்கள் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் 2009-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டார். அது நல்ல காரியம். ஆனால் சான்றிதழின் வடிவத்தை ஒழுங்குபடுத்துவது ஒன்று. ஒவ்வொரு இலாகாவின் மென்பொருளையும் வங்கியின் மென்பொருளோடும், சர்வகலாசாலையின் மென்பொருளோடும், அடுத்த மாநிலத்தின் மென்பொருளோடும் மோதவிட்டு, முடிவை மக்கள் பார்க்க வெளியிடுவது வேறொன்று. நாம் கேட்பது இரண்டாவதை.

'அமெரிக்கக் கம்பெனியின் பட்டியலை ஒதுக்கிவிட்டுச் சுதேசிப் பட்டியல் வைத்தால் போதும்' என்பாரும் உண்டு. சொந்தப் பட்டியல் தேவையே. ஆனால் சுதேசி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2014 ஜூன், ஜூலையில் என்ன நடந்தது? மத்திய சர்க்காரின் தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டில் ஊடுருவல் நடந்து, கூகிள் முதலிய தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியேறின. கண்டுபிடித்துச் சொன்னது கூகிள். ஜூலை 3 அன்று கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களையெல்லாம் ரத்துசெய்ய நேர்ந்தது. நம்பிக்கை என்பது கொடியின் நிறத்தால் வருவதல்ல. இடைவிடாத, பகிரங்கமான சோதனையால் வருவது.

தராசுக்கு உள்ள சட்டம் இதற்கு ஏன் இல்லை?

ஊருக்கு ஒரு படி, பண்ணைக்கு ஒரு வள்ளம் என்றிருந்த நிலைமையை 1956-ம் வருஷத்து எடையளவுத் தரச் சட்டம் மாற்றத் தொடங்கியது. இன்றும் சந்தையில் தக்காளி விற்கும் பாட்டி தன் தராசையும் படிக்கல்லையும் கொண்டுபோய் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், தவறினால் அபராதம். பாட்டியின் தராசுக்கு முத்திரை கேட்கும் சர்க்கார், கோடிக்கணக்கான மக்களின் நிலத்தையும் கூலியையும் படிப்பையும் நிறுத்துப் பார்க்கும் மென்பொருளுக்கு ஏன் முத்திரை கேட்கவில்லை? கேள்வி எளியது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள்.

நமது கோரிக்கைகள் இவை:

1. கையெழுத்திடும் அல்லது கையெழுத்தைச் சரிபார்க்கும் எந்த மென்பொருளையும் சர்க்கார் இலாகாவிலும் வங்கியிலும் அமலாக்கும் முன் பகிரங்கமான ஒத்தியங்கும் சோதனை நடத்த வேண்டும். எது எதோடு ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்ற அட்டவணையை வெளியிட வேண்டும். வருஷந்தோறும், மாற்றம் வரும்போதெல்லாம், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

2. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 9-வது பிரிவைத் திருத்தி, சட்டப்படி கையெழுத்தான மின்னணுப் பத்திரத்தை ஏற்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குக் கொடுக்க வேண்டும். மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. சரிபார்க்கும் பொறுப்பு பத்திரத்தைப் பெறும் அலுவலகத்துடையது. இதற்கென இலவச மென்பொருளை, அதன் மூல நிரலை எவரும் பார்க்கும்படி திறந்து வைத்து, தமிழில், சர்க்காரே வழங்க வேண்டும்.

4. ஆயுள் முழுவதும் செல்ல வேண்டிய பத்திரங்களில் நேர முத்திரையும் நீண்டகாலச் சரிபார்ப்புக்கான ஆதாரமும் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்பவருக்கு அதிகாரி கைப்படக் கையெழுத்திட்ட பிரதியும் கொடுக்க வேண்டும்.

5. கையெழுத்துக் கோளாறால் கூலியோ சேமநிதியோ ஓய்வூதியமோ தாமதமானால், அந்த நாட்களையும் தாமதமாகவே கணக்கிட்டு ஈட்டுத் தொகை கொடுக்க வேண்டும்.

6. கடன் பத்திரங்களில் இ-சைன் வாங்கும்போது, தொகை, வட்டி, தவணை ஆகியவற்றைத் தமிழில் படித்துக் காட்டி, பிரதியை அப்போதே கையில் கொடுப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

விவசாயிகள் சங்கக் கிளைகளுக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கும், லாரித் தொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில், எந்தப் பத்திரம், என்ன காரணம் சொல்லி மறுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்க வேண்டும். 'எழுதிக் கொடுங்கள்' என்று அதிகாரியிடம் துணிந்து கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஜமாபந்தியிலும் குறைதீர்க்கும் நாளிலும் கிராம சபையிலும் அந்த நோட்டை எடுத்துப் படிக்க வேண்டும். சர்க்கார் வெளியிட மறுக்கும் சோதனை அட்டவணையை மக்களே தயாரித்துவிட்டால், மேஜைக்கு அப்பால் இருப்பவர்கள் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

ஒரு காலத்தில் நமது தகப்பன்மார் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க மறுப்பதற்காக. இன்று கையெழுத்து கணினிக்குள் போய்விட்டது. அங்கேயும் அதைக் காவல் காக்க நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.